முப்பதுக்கு முப்பது

நாளை சூரியப் புயல் பூமியைத் தாக்குமா, தாக்காதா? மாணவர்கள் தினமும் கணித்து எழுதிப் பெட்டியில் போட வேண்டும். திருத்துவது உதவியாளர் வேலை. பேராசிரியையும் எழுதினாள். முப்பது நாளில் அவளுக்கே இருபத்திரண்டுதான் சரி. கடைசி பெஞ்ச்காரனுக்கு முப்பதும் சரி!

பாதியிலேயே சந்தேகம் தட்டி, அவன் செல்போனைப் பிடுங்கிவைத்தாள். முதல் பெஞ்சுக்கு மாற்றினாள். ஒரு மார்க் கூடக் குறையவில்லை.

இன்று அறைக்குக் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லு. இல்லேன்னா ஃபெயில்தான். யாரைப் பாத்துக் காப்பி அடிச்சே?"

"காப்பி அடிக்கல மேடம்..." அவன் தலையைச் சொறிந்தான். "எடுத்தேன்."

"என்னது?"

"'நாளைக்குப் புயல் வராது'ன்னு ஒண்ணு எழுதி, முதல் நாளே ஜெராக்ஸ் கடையில முப்பது காப்பி எடுத்துட்டேன். தினம் தேதி மட்டும்தான் போட்டேன் மேடம்."