சொந்த முடி

ஒச்சாயி அந்த ஜவுளிக்கடை மேனேஜரின் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். “யம்மா!” என்று அலறிவிட்டார் மனிதர்.

“வலிக்குதுல்ல? அப்ப சொந்த முடிதேன்” என்று கையை எடுத்தாள் ஒச்சாயி. “கோவிச்சுக்கிறாதீகண்ணே. ஒட்டுமுடியோன்னு பாத்தேன்.”

டாக்டர் லூர்துராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ‘நீங்க முடி நட்ட ஆளு ஒருத்தரைக் கண்ணுல காட்டுங்க, பெறகு பேசுவோம்’ என்று போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டுப் போனவள் இவள்தான். அதற்காகவே வரவழைக்கப்பட்ட மேனேஜர், தலையைத் தடவிக்கொண்டே வெளியேறினார்.

ஒச்சாயிக்குப் பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான் அவள் மகன் பால்பாண்டி. வயது முப்பத்திரண்டு, மின்சார வாரியத்தில் குமாஸ்தா. காலேஜ் நாட்களில் நெற்றியில் விழும் சுருள் கிராப்பைச் சீவிச் சீவியே பொழுதைப் போக்கியவன். ஊர்ப் பக்கம், கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். இன்றைக்குக் காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், அவ்வளவுதான் மிச்சம்.

மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்றும் தட்டிப்போயின. “எல்லாம் இந்தத் தலையாலதான் ஆத்தா” என்று அவன் அழாத குறையாகப் புலம்பும்போதெல்லாம், “காரணம் எனக்குத் தெரியும்டா” என்பாள் ஒச்சாயி. அதற்கு மேல் பேச மாட்டாள்.

பிறகு ஒருநாள் திடுதிப்பென்று இரண்டு கறவை மாட்டையும் விற்றுவிட்டு, “வாடா, முடி வச்சிட்டு வருவோம்” என்று கிளம்பிவிட்டாள். பெற்ற மனசு என்று பால்பாண்டி உருகிப்போனான்.

“எம்புட்டு ஆகும்யா?” என்றாள் டாக்டரிடம்.

“ரெண்டு தடவையாச் செய்யணும்மா. மொத்தம் எட்டாயிரம்.”

பால்பாண்டி குறுக்கே புகுந்தான். “ஆத்தா, லாட்ஜுல ரூம் போட்டிருக்காரே ஒரு வைத்தியரு, அவரு ஆயிரத்தைந்நூறுக்கே முடிச்சுத் தாரேங்கிறாரு...”

“சும்மா கெட. அவன் நாளைக்கு ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிருவான். தலையில சீழ் பிடிச்சா யாருகிட்டப் போயி நிக்கிறது?” அவனை அடக்கிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள். “சாமானெல்லாம் வெந்நியில போட்டு அவிப்பீகளா? ரத்தம், சக்கரை பாப்பீகளா?”

“எல்லாம் பாத்துட்டுத்தாம்மா கத்தியே எடுப்பேன். பிடரி முடிய வேரோட எடுத்து முன்னால வைப்போம். வச்ச முடி மொதல்ல உதிரும், பயந்துறக் கூடாது. மூணு மாசத்துக்கு அப்புறம் முளைக்கும். ஒம்பது மாசத்துல நல்லா வளந்துரும்.”

ஒச்சாயி விரல் மடக்கினாள். “இது வைகாசி. அப்ப மாசிக்குள்ள வளந்துருமுல்ல?”

“வளந்துரும்.”

“கத்தி, கத்தரி பட்டா ஒண்ணும் ஆகாதே?”

“தாராளமா வெட்டலாம். திரும்ப வளரும். அவரு சொந்த முடிதானே!”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டாக்டர் பேனாவை எடுத்து, முடி எந்த இடத்தில் தொடங்க வேண்டும், வகிடு எந்தப் பக்கம் என்று பால்பாண்டியின் நெற்றியில் கோடு போட்டுக் காட்டினார். அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் என்று அரைமணி நேரம் படுத்தியெடுத்தான்.

ஒச்சாயிக்கு அலுத்துவிட்டது. “எப்படி வந்தா என்னய்யா? நெறைய வந்தாச் சரி.”

அடுத்த வாரம் ஆபரேஷன். மரத்துப்போகிற ஊசியும் போட்டாயிற்று. மேஜையில் குப்புறக் கிடந்த பால்பாண்டியின் மனசெல்லாம் மணமேடையில் இருந்தது. அங்கே அவன் நெற்றியில் பழைய சுருள் முடி புரண்டுகொண்டிருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் தடுத்தும் கேட்காமல் ஒச்சாயி தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். “டாக்டரய்யா, மாசி தப்பிறாதே?”

“தப்பாதும்மா. என்ன, மாசியில கல்யாணமா? இம்புட்டு அவசரப்படுறீங்க?”

பால்பாண்டி வெட்கத்தில் நெளிந்தான். “ஆடாதீங்க சார்” என்றாள் நர்ஸ்.

“கல்யாணம் தன்னால நடக்கும்யா. சின்னதுல இவனுக்கு ஜன்னி கண்டப்ப குலசாமிக்கு நேந்துக்கிட்டது ஒண்ணு பாக்கி நிக்கிது. கூப்பிட்டப்பெல்லாம் வராமத் தப்பிச்சுக்கிட்டான். அதேன் வார பொண்ணெல்லாம் தட்டிப்போகுது. இந்த மாசிச் சிவராத்திரிக்காவது செலுத்திப்புடணும்.”

டாக்டர் கையில் கத்தியோடு நின்றார். “அப்படி என்னம்மா நேந்துக்கிட்டீங்க?”

“மொட்டைதேன்யா. வழிக்க முடி வேணும்ல?”