நான்கு விரற்கடை

காதுக்குள் சத்தம் கேட்டது.

சோடா மூடிக்குக் கரகரக்கும். ஆணிக்கு உறுமும். இது இரண்டும் இல்லை. உயர்ந்த, சுத்தமான, பித்தளையைத் தட்டியதுபோன்ற சத்தம்.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எட்டு மாதமாக, அதாவது ஏறக்குறைய மூன்று யுகமாக, அவர் காத்திருந்த சத்தம்.

மெட்டல் டிடெக்டரின் வட்டத் தட்டை அரளிச் செடியின் அடியில் இன்னொரு முறை ஓட்டினார்.

மறுபடியும் அதே.

களைக்கொத்தோடு குனிந்தார்.

ஒரு செருப்புக் கால் அந்த இடத்தின்மேல் வந்து நின்றது.

"இங்க வேண்டாங்க சார்."

கனகவல்லி. தினமும் காலையில் பூங்காவை ஏழு சுற்றுச் சுற்றுகிறவள். ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் செடியருகே நின்றுவிட்டுப் போவாள். மூட்டுவலி என்று நினைத்திருந்தார்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"பூந்திங்க," என்றாள். "எங்க நாயி."

பூங்காவின் ஏழாவது விதி: வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

அவள் நடந்து முடிக்கும்வரை முழங்கால் உயரப் பூந்தி வாசல் கம்பியில் கட்டிக் கிடந்தது. பதினோரு வருடம். உள்ளே பார்த்துக் குரைத்தது.

போன வருடம் மாசியில் செத்துப்போனது.

செடி நட வரிசையாகக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவள் பூந்தியை உள்ளே கொண்டுவந்துவிட்டாள். கழுத்துப் பட்டையோடு. எலுமிச்சம்பழம் அளவு பித்தளை மணியோடு. மேலே மண்ணைத் தள்ளினாள். மறுநாள் அதன்மேல் அரளி நட்டார்கள்.

அந்த வரிசையில் இது ஒன்றுதான் ஆள் உயரம்.

பன்னிரண்டாவது விதி அவருக்காகவே எழுதப்பட்டது. கருவியோடு வருகிறவர் நான்கு விரற்கடைக்கு மேல் தோண்டக் கூடாது. அதற்குக் கீழே ஏதேனும் இருந்தால் வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும். அலுவலகத்து ஆட்கள் வந்து தோண்டுவார்கள்.

வந்தால் செடி போகும். பூந்தி குப்பை லாரியில் போகும்.

"என்னங்க சார், ஒரே எடத்துல நின்னுட்டீங்க? சிக்கிருச்சுங்களா?"

வாட்ச்மேன் திருமூர்த்தி விசிலைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல திருமூர்த்தி."

அதுதான் அவர் செய்த தப்பு.

எட்டு மாதத்தில் ஒருநாளும் அவர் ஒன்றுமில்லை என்று சொன்னதில்லை. துருப்பிடித்த சாவி, பாளையக்காரர் கஜானாவின் சாவி. வளைந்த கொண்டை ஊசி, ரோமாபுரி இளவரசி மிளகு வாங்க வந்தபோது தொலைத்தது. சைக்கிள் பெல்லின் மூடியைப் பட்டத்து யானையின் முட்டி மூடி என்று ஒப்படைத்து, ரசீது கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்.

திருமூர்த்தியின் விசில் சுழலாமல் நின்றது.

"ஒண்ணுமில்லைங்கறீங்க? நீங்களா?"

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"அப்ப நெசமாவே என்னமோ கெடக்குதுங்க. ஆபீசுக்குச் சொல்லிப்போடறேன்."

கனகவல்லியின் கால்விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டன.

கருவிக்காரர் மூச்சை நன்றாக இழுத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். தேருப்பா. முழுசா வெங்கலத் தேரு. நாலு குதிரை."

"குதிரைங்களா?"

"மூணு நிக்குது. ஒண்ணு உக்காந்திருக்குது."

"உக்காந்திருக்கறது எப்படிங்க தெரியும்?"

"சத்தத்துலயே தெரியுமப்பா. கரூர்ல இருந்து ஒரே ஓட்டமா வந்துருக்குது. கால் வலிக்காதா?"

திருமூர்த்தி செல்போனைப் பைக்குள் போட்டார்.

"காலங்காத்தால குசும்பப் பாருங்க," என்றார் கனகவல்லியிடம். "கொஞ்ச நேரம் நானும் நம்பிட்டனுங்க."

வாசல் பக்கம் போனார். பாதி வழியில் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது.

களைக்கொத்து பைக்குள் போனது. கருவியை அணைக்கப் போனார்.

"சார், உங்களுக்கு அது கேக்குதுங்களா?"

"கேக்குது அம்மிணி."

"எப்படிங்க இருக்குது?"



ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

அவள் காலை எடுத்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

தட்டை மண்ணின்மேல் மெல்ல ஓட்டினார். இடமிருந்து வலம். வலமிருந்து இடம்.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கை கீழே இறங்கியது. முழங்கால் உயரத்தில், காற்றில் நின்றது.

விரல்கள் மட்டும் மெல்ல அசைந்தன.