தூங்கற புள்ளய எழுப்பாதே

பச்சைக் குழந்தையின் உள்ளங்காலில் விரலால் ஓங்கிச் சுண்டினாள் தமிழ்ச்செல்வி. அது லேசாக முகத்தைச் சுளித்ததே தவிர, கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் பலமாக ஒரு சுண்டு.

"ஐயையோ, பெத்த புள்ளய அடிச்சே கொல்றாளே பாவி!" என்று வாசலிலிருந்து மாமியார் கோவிந்தம்மாள் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதானே போட்டாள். "தூங்கற புள்ளதான்டி வளரும். அத்த ஏன்டி நோண்டிக்கினே கீற?"

"காலையிலேர்ந்து ஒரு வாய் பால் எறங்கல அத்தை. தானா எழுந்திரிக்கவே மாட்டேங்குது. கண்ணெல்லாம் மஞ்சளா கீது. ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வான்னு நர்சம்மா சொல்லிட்டுப் போனாங்க இல்ல?"

"தீட்டு கழியாத புள்ள வாசப்படி தாண்டாது. எங்க வூட்டு வழக்கம் அது. ஆம்புலன்ஸே வந்து நின்னாலும் கேட்டத் தொறக்க மாட்டேன், ஆமா!"

சொன்னபடியே கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தமிழ்ச்செல்வி தாயில்லாத பெண். தலைப்பிரசவத்துக்குப் போக அம்மா வீடு இல்லாமல், ஆஸ்பத்திரியில் பெற்று நேரே மாமியார் வீட்டுக்கு வந்தவள். அந்த ஒரு குற்றத்துக்காகவே கோவிந்தம்மாளுக்கு அவளைக் கண்டால் வேப்பங்காய்.

புருஷன் சுகுமார் ஒரகடம் கம்பெனியில் டியூட்டியில் இருந்தான். போனில் அழுதவளிடம், "அம்மா சொன்னா கேளேன், சும்மா பேஜார் பண்ணிக்கினு" என்று வைத்துவிட்டான். நல்ல புருஷன் போங்கள்!

தமிழ்ச்செல்வி குழந்தையின் துணியை அவிழ்த்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து மார்பில் வைத்தாள். இரண்டு தரம் உறிஞ்சியது, அவ்வளவுதான். மறுபடியும் தூக்கம். வாயில் இருந்த பாலும் கடைவாயில் வழிந்துவிட்டது. திரும்பவும் காலில் சுண்டினாள்.

மதியத்துக்கு மேல் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி சோபியாவும் ஒரு பெண் போலீஸும் இறங்கினார்கள்.

"பெத்தவளே பச்சக் கொழந்தையப் போட்டு அடிக்கிறதா எங்களுக்கு போன் வந்திருக்கு. யாரு அந்தம்மா?" என்றாள் சோபியா.

கோவிந்தம்மாளுக்கு வாயெல்லாம் பல். எதிர்வீட்டு மங்கம்மாதான் போட்டுக் கொடுத்திருப்பாள் என்று நினைத்து, அந்த வீட்டுப் பக்கம் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். ஆம்புலன்ஸே வந்தாலும் திறக்காது என்ற பூட்டு இப்போது சட்டென்று திறந்தது.

"வாங்கம்மா, வாங்க! ராத்திரி பகலா அடிக்கிறாம்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். எங்க வேணா வந்து சாச்சி சொல்றேன்!"

சோபியா உள்ளே போய்ப் பார்த்தாள். குழந்தையின் இரண்டு உள்ளங்காலும் சிவந்து கிடந்தன. அவளுக்கு முகம் கடுகடுத்தது.

"அடிச்சியா?"

"அடிச்சேம்மா" என்றாள் தமிழ்ச்செல்வி.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பச்சப் புள்ள மேல கை வைக்க எப்படி மனசு வந்துது?"

"இங்கயே உட்டுட்டுப் போனீங்கன்னா மறுபடியும் அடிப்பேன்."

பெண் போலீஸே அசந்துபோனாள். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் "அடிப்பாவி!" என்றது.

"எழுந்திரு. புள்ளயத் தூக்கு. காயம் இருக்கான்னு டாக்டர் பாக்கணும்" என்று அதட்டினாள் சோபியா.

கோவிந்தம்மாள் குறுக்கே வந்து விழுந்தாள். "அவள மட்டும் இட்டுக்கினு போங்க. புள்ள எதுக்கு? தீட்டு கழியல, வாசப்படி தாண்டக் கூடாது!"

"கேஸுக்கு ஏது பெரியம்மா தீட்டு? புள்ளய டாக்டர் பாக்கலன்னா கேஸே நிக்காது" என்றாள் போலீஸ்.

"கேஸு நின்னா இவ உள்ள போவாளா?"

"போவா."

கோவிந்தம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். ஒரே ஒரு நிமிஷம்தான்.

"அப்பத் தூக்கிக்கினு போங்க!" என்று வழியை விட்டாள். அதோடு விட்டாளா? ஜீப் கிளம்பும்போது மருமகள் இருந்த பக்கமாக ஒரு பிடி மண்ணை வாரித் தூற்றினாள்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்த்ததுமே பரபரத்தார். ரத்தம் எடுத்தார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் படுக்கவைத்தார்கள். தமிழ்ச்செல்வி பீய்ச்சிக் கொடுத்த பாலை, நர்ஸ் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். குழந்தை விழுங்கியது.

வெளியே வந்த டாக்டர் சோபியாவிடம் சத்தம் போட்டார். "யாரும்மா அடிச்சான்னு சொன்னது? மஞ்சள் ஏறினா புள்ளைங்க இப்படித்தான் எந்நேரமும் தூங்கும், பால் குடிக்காது. குடிக்கலன்னா மஞ்சள் இன்னும் ஏறும். இந்தப் பொண்ணு சுண்டிச் சுண்டி எழுப்பினதாலதான் இவ்வளவாவது தேறியிருக்கு. இன்னைக்கும் கொண்டு வராம இருந்திருந்தா மூளையைப் பாதிச்சிருக்கும். நல்லவேளை, பொழச்சிக்கும்."

சோபியாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. தமிழ்ச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதம்மா. தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. ஆனா உன் மேல இப்படி அபாண்டமா பழி போட்டு போன் பண்ணவள நான் சும்மா விடமாட்டேன். பொய்ப் புகார்னு கேஸ் போட்டு உள்ள தள்றேன். யாரு, உன் மாமியாரா? பேரை மட்டும் சொல்லு."

தமிழ்ச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்மேலயே போடுங்கம்மா. போன் பண்ணது நான்தான்."