வீட்டில் ஒருவர்

“கதவுக்குக் கட்டையப் போடு, லோஜா.”

“வாசல்ல ஒரு கிழவி நிக்கிறா. அவ மூஞ்சியில அடிச்ச மாதிரி—”

“கார் நம்பரைப் பார்த்தியா? ஜெர்மன்காரி! வீட்டைத் திருப்பிக் கேக்க—”

“—சாத்தணுமாக்கும்? சாத்தத்தான் தெரியும் உங்க வம்சத்துக்கு. பூட்டத் தெரியாதே!”

அவள் புருஷன் ஃபெலிக்ஸ் ஜன்னலை விட்டு நகர்ந்தான்.

வம்சத்தை இழுத்தால் அப்படித்தான். அவன் அப்பா செய்த வேலை அது.

உலகப்போர் முடிந்து போலந்தின் எல்லையை மாற்றிப் போட்ட வருடம், கிழக்கே இருந்த சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மாடு ஏற்றும் ரயிலில் வந்து இறங்கியவர். அவருக்கு அரசாங்கம் கொடுத்தது இந்த வீடு. சதுப்பு நிலத்தை வடித்து இந்த ஊரை உண்டாக்கிய ஜெர்மன்காரர்களின் வீடு. வாசல் உத்திரத்தில் இன்னும் அவர்கள் பெயர்தான்.

அவர்களும் பூட்டிவிட்டுத்தான் ஓடியிருந்தார்கள். அப்பா ஜன்னல் வழியே இறங்கி, உள்ளிருந்து பூட்டின் நாக்கைத் தள்ளித் திறந்தார்.

“அங்க என் பூட்டை எவனும் மாத்தாம இருக்கணும்னா, இங்க நான் மாத்தக் கூடாது” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

கடவுளோடு ஒப்பந்தம்.

அவர் போய்ச் சேர்ந்தார்; ஒப்பந்தம் மட்டும் போகவில்லை. அவர் கொண்டுவந்த சாவி சிலுவைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் சேராத சாவி.

வெளியே போனால் பூட்ட முடியாது. அதனால் எப்போதும் வீட்டில் ஒருவர்.

மகள் கல்யாணத்தன்று மாதாகோவிலுக்கு அவன். விருந்துக்கு இவள்.

இருவரும் சேர்ந்து ஆற்றங்கரை வரைக்கும்கூடப் போனதில்லை.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக, கூச்சத்தோடு.

லோஜா திறந்தாள்.

வந்தவள் முதலில் உத்திரத்தைப் பார்த்தாள். பிறகு லோஜாவை. முதல் நன்மை வாங்க, ஜெபம் ஒப்பிக்க நிற்கும் பிள்ளை மாதிரி உதடு ஒருமுறை ஒத்திகை பார்த்தது.

“எடுக்க வரல. குடுக்க வந்தேன்.”

மனப்பாடம் பண்ணிய போலிஷ். அதற்கு மேல் அவளிடம் அந்த மொழி இல்லை.

கைப்பையைத் திறந்தாள். உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவி.

ஃபெலிக்ஸ் அடுப்படிக்குப் போனான். வாத்துக் கொழுப்புக் கிண்ணத்தோடு வந்தான். கட்டையைப் போடச் சொன்னவனே விரலால் வழித்துச் சாவித்துளையில் அப்பினான்.

சாவி நுழைந்தது. திரும்பவில்லை.

ஜெர்மன்காரி முழங்காலைக் கொடுத்துக் கதவை ஒரு மயிரளவு தூக்கினாள். யோசித்துச் செய்ததல்ல. முழங்காலுக்கே ஞாபகம் இருந்தது.

டக்.

பூட்டின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ஃபெலிக்ஸுக்குத்தான் நிறுத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். விரலில் இருந்த கொழுப்பெல்லாம் முகத்தில்.

வந்தவள் காப்பி குடித்தாள். பாப்பி விதை கேக்கில் இரண்டு துண்டு தின்றாள். கிளம்பும்போது சாவியைத் தொடவில்லை.

கார் வளைவில் மறைந்தது.

லோஜா கம்பளிச் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். புருஷனை வெளியே இழுத்தாள். முழங்காலைக் கொடுத்தாள். பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.

சாலையில் இருவரும் நின்றார்கள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.

“ஃபெலிக்ஸ்,” என்றாள். “வீட்டுல யாருமே இல்ல.”