தீக்கோடு தொடக்க விழா

மாசி பிறந்துவிட்டால் அந்த மலையில் யாரும் யாரையும் வேலைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. காட்டுப்பன்றி மூக்கால் புல்லைக் கிளறிக்கொண்டே போகும். காட்டுக்கோழி பின்னாலேயே சருகைச் சீய்த்துத் தள்ளும். பொழுது சாய்வதற்குள் முகடு நெடுக வெறும் மண்ணாக ஒரு கோடு விழுந்துவிடும். எந்தத் தீயும் அதைத் தாண்டி வராது. புது மண் வாசத்தில் எல்லாரும் கிழங்கு தின்றபடி கதை பேசிக் கிடப்பார்கள்.

ஒரு வருஷம் தீத்தடுப்புக்கென்று மேலிடத்திலிருந்து நிதி வந்தது.

"நிதி வந்த வேலையை நாமளா தொட்டா நல்லாவா இருக்கும்? கரடி ஐயா வந்து தொடங்கி வைக்கட்டும்," என்றது பன்றி.

கரடி ஐயாவுக்கு நேரம் கிடைப்பதற்குள் மூன்று மாசி போய்விட்டது. சருகு முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்திருந்தது. அதன்மேலேயே பந்தல் போட்டார்கள். ஐயா வந்து இறங்கியதும், மரியாதை குறையக்கூடாதென்று சரவெடி கொளுத்தினார்கள்.

வெடிச் சத்தம் ஓய்வதற்குள் சரிவு பற்றிக்கொண்டது. ஐயா மாலையோடு ஓடினார்.

பன்றி மண்ணைக் கிளறியது. கோழி சருகைச் சீய்த்தது. குரங்குகள் பச்சைக் கிளைகளை ஒடித்துத் தீயை அடித்தன. பாதி மலை போன பிறகுதான் தீ நின்றது.

கரி அப்பிய முகத்தோடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சூடான மண்ணிலிருந்து வெந்த கிழங்கின் வாசம் வந்தது. பன்றி ஒன்றைத் தோண்டியெடுத்துக் கோழிக்குப் பாதி கொடுத்தது.

"எத்தனை நாளாச்சுண்ணே," என்றது கோழி, "நாம எல்லாரும் இப்படி ஒண்ணா உக்காந்து!"