தாய்மாமன் மடி

"எனக்கு அமெரிக்காவில் அக்கா யாரும் இல்லை."

கனடாவிலிருந்து கிஷாந்தன் எழுதியிருந்த அந்த ஒற்றை வரியை லதுஷா வாய்விட்டுப் படித்ததும், ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

"இன்னொரு தரம் படி."

"எத்தன தரம் படிச்சாலும் அதேதாம்மா. ஒங்க அரும மகன் கூடப் பொறந்த அக்காவையே இல்லைங்கிறாரு. பேஸ்புக்குல, ஊரே பாக்க."

"நாளைக்குக் கொழுந்தெடுக்கப் பெரட்டுல பேர் குடுக்கப் போனா கங்காணி மொதக்கொண்டு கேப்பாரே!" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில் இருக்கும் மூத்தவள் ஜீவராணி, போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காது குத்தினாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தைக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் கிஷாந்தன், ஆற்றுக்கு அக்கரையில், கனடாவில். நடுவில் ஒரு பாலம். இங்கே மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து பசறைக்கு பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போகிற நேரம்கூட ஆகாது.

அவன் போகவில்லை. அத்தானோடு பழகிய யாரோ ஒருவர் மடியில் இருந்து குழந்தை வீறிட்டதை லயத்துச் சனமெல்லாம் போனில் பார்த்தது.

"கனடாக்காரருக்குக் கால் வலியோ?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டு லெட்சுமி கேட்டது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

மாமன் மடி, மாமன் சீர் எல்லாம் ஆணாதிக்கம் என்று தான் படிக்கிற கெம்பஸ் மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவள்தான் லதுஷா. ஆனால் அழுவது சொந்த அக்கா என்றால் அது வேறு கதை. நேற்று ராத்திரி அண்ணனைப் போனில் பிடித்தாள்.

"ஏண்ணே போகல?"

"விசா இல்ல, லதுஷா."

"ஒனக்குத்தான் பி.ஆர். கெடைச்சிருச்சே! அம்மா மாரியம்மனுக்குப் பொங்க வச்சு லயம் முழுக்கக் குடுத்தாங்களே!"

"அது கனடாவுல நெரந்தரமா இருக்கிறதுக்குத்தான். கையில இருக்கிறது இன்னமும் நம்ம இலங்கை பாஸ்போட்டு. பாலத்தத் தாண்டணும்னா அமெரிக்கா விசா வேணும்."

"அப்ப கேட்டு எடு. மத்த சனம் எடுக்கலயா?"

"நான் கேக்கப் போறதில்ல."

"முடியலயா, மனசில்லயா? அதச் சொல்லு."

"அம்மாவுக்கு இப்ப மேலுக்கு எப்பிடி?" என்று அவன் பேச்சை மாற்றினான்.

"பி.ஆர். வந்ததும் தல கனத்துப் போச்சு. அக்கா அங்க சாப்பாட்டுக் கடையில ஏனம் கழுவுறா. அதானே ஒனக்குக் கேவலம்?"

"வச்சிர்றேன், பாப்பா."

வாதத்தில் பாதியில் எழுந்து போகிறவர்களை லதுஷாவுக்குப் பிடிக்காது. குழந்தையின் அழுத முகத்தைப் படமாகப் போட்டு எழுதினாள்: 'அக்கா ஜீவராணி பஃபலோவில். அண்ணன் கிஷாந்தன் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் நிரந்தர வதிவிட அட்டையோடு. ஒரு பாலத்தைத் தாண்ட ஒரு தாய்மாமனுக்கு மனம் வரவில்லை.' அக்கா வேலை செய்கிற கடையின் பெயரையும் சேர்த்தாள். உழைப்பதில் என்ன வெட்கம்?

விடிவதற்குள் லுணுகலையிலிருந்து கொழும்பு வரை அதைப் பகிர்ந்திருந்தார்கள். அதற்குக் கீழேதான் கிஷாந்தன் அக்கா இல்லை என்று எழுதியிருந்தான்.

"மூத்தவ பாத்தா தாங்குவாளா?" என்று அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தபோது போன் அடித்தது. ஜீவராணிதான்.

லதுஷா போனோடு வாசலுக்கு ஓடினாள்.

"பாத்தியாக்கா அவன் எழுதுனத? நீயும் கீழ ரெண்டு வார்த்த போடு. விடாத!"

"அத அழிச்சிரு."

"அவன் எழுதுனத நான் எப்பிடி அழிக்கிறது?"

"நீ எழுதுனதச் சொல்றேன். எல்லாத்தையும்."

"ஏன் அழிக்கணும்? அதுல ஒரு வார்த்த பொய்யிருக்கா, சொல்லு."

"இல்ல. அதனாலதான் அழிக்கச் சொல்றேன்."

"நீ இப்பிடி விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துத்தான் அவன் இந்த ஆட்டம் ஆடுறான். வந்து எட்டிப் பாத்தானா?"

"வந்தான்."

"எப்ப வந்தான்?"

"காது குத்துன அன்னைக்கிச் சாயங்காலம் அக்கரையில வந்து நின்னான். நான் இக்கரையில இருந்து புள்ளையத் தூக்கிக் காட்டுனேன். மொகம் தெரியல. கைய ஆட்டுறது மட்டும் தெரிஞ்சிச்சு. இருட்டுற வரைக்கும் போகல அவன்."

"அவ்வளவு ஆசை இருக்கிறவன் விசாவ எடுத்துட்டு வந்திருக்கலாமேக்கா." குரலில் பழைய சூடு இல்லை.

"எடுக்கத்தான் கெளம்புனான். நாந்தான் கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னேன். விசா கேக்கப் போனா, அமெரிக்காவுல ஒனக்கு யாரு இருக்கா, எந்த ஊரு, என்ன வேலன்னு கேப்பாங்க."

"கேட்டா என்ன? சொல்ல வேண்டியதுதானே?"

 பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அக்கா மெல்லச் சொன்னாள்.

"அத்தானுக்கு வேல போனதோட, இந்த நாட்டுல இருக்க எங்களுக்கு விசா கெடையாது. பிடிச்சா அனுப்பிருவாங்க. நீங்க வெசனப்படுவீங்கன்னு அவனத் தவிர யாருக்கும் நான் சொல்லல, லதுஷா."