பிளாக்கில் விரிசல்

"எல்லாமே போச்சு, ஒண்ணும் தேறாதுன்னு சொல்லிடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள் அந்தப் பெண். ஐம்பதை நெருங்கும் வயது. கை துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் அப்படியே நிறுத்தினார். 'பழசையே போட்டு எப்படியாவது ஓட வச்சுடுங்க' என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார்.

"என்னம்மா பேசறீங்க? பெரியவரு ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தாம காரை ஓட்டியிருக்காரு, எஞ்சின் சூடாகி நின்னுடுச்சு. ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் எப்படியும் புதுசுதான் போடணும். மத்தபடி எஞ்சினோட கூடு, அதான் பிளாக், உள்ளே சுத்துற கிராங்க் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அதையே போட்டா ஜம்முனு ஓடும்."

"ஓடக் கூடாதுங்க."

"என்னது?"

"இந்த வண்டி ஓடினா அவரை உயிரோட பார்க்க முடியாது. இதுக்கு மேல எதுவும் கேக்காதீங்க. நான் சொன்னா அவர் காதுலயே போட்டுக்க மாட்டார். எஞ்சினைப் பத்தி நீங்க சொன்னா கேப்பார்."

அதற்குள் அவர்கள் வந்த ஆட்டோவுக்குள்ளிருந்து பெரியவர் மெல்ல இறங்கி வந்துவிட்டார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. பஸ் டிப்போவில் எஞ்சின் பிரித்துக் கோத்தே காலத்தை ஓட்டியவர். கழுவிப் பரப்பியிருந்த பாகங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. யாரும் சொல்லாமலே கிராங்க் பக்கம் குனிந்து, கட்டை விரல் நகத்தை அதன் மேல் ஓட்டினார்.

"பாருங்க தம்பி, நகம் எங்கேயாவது மாட்டுதா? வழுவழுன்னு இருக்கு. இதைப் போய் யாராவது தூக்கிப் போடுவானா?"

"மாட்டாங்கய்யா" என்றார் மெக்கானிக், தன்னை மறந்து.

"பிஸ்டன்ல மட்டும் கோடு விழுந்திருக்கு. அது வேண்டாம், மாத்திடுவோம். வால்வை உரசி உக்கார வச்சா போதும். சாயந்திரத்துக்குள்ள கோத்துடலாமா?"

"அவ்வளவு அவசரமாய்யா?"

"பொண்ணு வர்றா. பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட நிப்பா. நான்தானே போய்க் கூட்டிட்டு வரணும்?"

"ஆட்டோவுலயே போய்ட்டு வந்துடலாமே."

"அவ நம்ம வண்டியைத்தான் தேடுவா, தம்பி. நானும் போறேன், போறேன், ஒவ்வொரு தடவையும் எங்கேயோ தவறிப் போயிடுது. போன தடவை அவசரத்துல தண்ணி பார்க்காம விட்டுட்டேன், வழியிலேயே நின்னுடுச்சு. அவ எவ்வளவு நேரம் நின்னாளோ!"

மெக்கானிக் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. இவள் மருமகள். நாத்தனார் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதற்குத்தான் இத்தனை நாடகம்.

மறுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால், பெரியவரின் முதுகுக்குப் பின்னால் அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள். 'உயிரோட பார்க்க முடியாது' என்ற சொல் அவர் காதில் திரும்ப ஒலித்தது. அதில் ஏதாவது உண்மை இருந்துவிட்டால்?

"ஐயா... பிளாக்ல விரிசல் இருக்கு."

வாய் கூசியது. தொழிலில் அவர் சொன்ன முதல் பொய்.

"எங்கே?" பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளாக்கின் மேல் கவிழ்ந்தார். விரல்களால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். "காணோமே?"

"சிலிண்டர் ஓரத்துல. மயிரிழைதான். மண்ணெண்ணெய் ஊத்திப் பார்த்துட்டேன், கசியுது."

மெக்கானிக்கை அவர் சந்தேகப்படவே இல்லை. மறுபடி தடவினார். மறுபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"எனக்குத்தான் கண்ணு போச்சு போலிருக்கு. சரி, வேற பிளாக் வாங்கிப் போட்டுடலாம்."

"இந்த மாடலையே நிறுத்திட்டாங்கய்யா. எங்கே தேடினாலும் கிடைக்காது."

பெரியவர் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, தோள் குலுங்க அழ ஆரம்பித்தார்.

"அப்போ அவ நின்னுக்கிட்டே இருப்பாளே, தம்பி. அப்பா வரலை, மறந்துட்டார்னு நினைச்சுக்குவாளே."

மெக்கானிக் கையிலிருந்த துணியைப் பிளாக்கின் மேல் போட்டு மூடினார்.

"வாங்க, போகலாம்" என்று அந்தப் பெண் அவர் தோளைத் தொட்டாள்.

அவர் வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டார். "நீ பேசாதே. எம் பொண்ணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் ஆட்டோவில் உட்கார வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டிலை மூடி அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க செஞ்ச உதவியை..."

"உதவியா?" மெக்கானிக்கால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நல்லா இருந்த எஞ்சினைக் குப்பைன்னு சொல்ல வச்சுட்டீங்க. அது கூடப் பரவாயில்லை. ஒரு அப்பனையும் மகளையும் பிரிச்சு வச்சு என்னம்மா சாதிச்சுட்டீங்க? கல்நெஞ்சு உங்களுக்கு! ஒரே ஒரு தடவை அவரைப் போய்ப் பார்க்க விட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

அவள் ஆட்டோ பக்கம் ஒரு முறை பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவருக்கு நான் எப்படிங்க கிடைப்பேன்? அவர் பக்கத்துலயேதானே நிக்கிறேன்!"